அல்லல் நீங்கிய உவகை: இதமான மிகுபுனைவுக் காதல் நாவல்களின் ஈர்ப்பு

முன்னுரை

ஆங்கிலப் புனைகதை உலகில் 2020ஆம் ஆண்டிற்குப் பின்னர் விரைந்து வளர்ந்துள்ள ஒரு வகைமை, 'கோஸி ஃபேன்டஸி' என வழங்கப்படுவதாகும். இதனைத் தமிழில் 'இதமான மிகுபுனைவு' எனலாம். மந்திரமும் மாய உயிரினங்களும் நிறைந்த உலகில், பேரரசுகளின் போருக்கு மாறாக ஒரு சிறு கடையையோ வீட்டையோ மையமாகக் கொண்டு, மெல்ல மலரும் காதலுடன் இவ்வகை நாவல்கள் அமைகின்றன. நம் மாணவர்களுள் பலரும் இவற்றை விரும்பிப் படிக்கின்றனர். இவை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்கத்தக்கனவா, அன்றி ஆய்வுக்குரிய இலக்கியப் பண்பு இவற்றுள் உண்டா என்னும் வினாவை இக்கட்டுரை மூன்று நாவல்களின்வழி ஆராய முற்படுகிறது.

உவகை என்னும் மெய்ப்பாடு

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, அவற்றுள் இறுதியாக உவகையை வைக்கிறார். செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு ஆகிய நான்கும் அது தோன்றும் நிலைக்களன்கள். அவ்வுவகை அல்லல் நீங்கியது என்றும் அவர் அடை கொடுத்துக் கூறுவது நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. 'அல்லல் நீத்த' என்பதனை நாம் இருவகையாகப் பொருள் கொள்ள இயலும். அல்லல் அறவே இல்லாத உவகை என்பது ஒன்று. அல்லலைக் கடந்துவந்த உவகை என்பது மற்றொன்று. இதமான மிகுபுனைவு நாவல்களின் தரத்தை வேறுபடுத்தி அறிய இவ்விரு பொருள்களும் நமக்கு அளவுகோலாகின்றன.

வாளை விடுத்த வீராங்கனை

டிராவிஸ் பால்ட்ரீ எழுதிய 'லெஜண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்' 2022இல் முதலில் ஆசிரியரின் சொந்த வெளியீடாகவும், அதே ஆண்டின் இறுதியில் டோர் பதிப்பக வெளியீடாகவும் வந்தது. 2023ஆம் ஆண்டின் ஹியூகோ விருதுக்கான இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஓர்க் எனும் முரட்டு இனத்தைச் சேர்ந்த விவ், பல்லாண்டுகள் கூலிப்படை வீராங்கனையாக வாழ்ந்து களைத்தவள். அவள் வாளைச் சுவரில் மாட்டிவிட்டு, காப்பியையே அறியாத தூன் நகரில் ஒரு காப்பிக் கடையைத் திறக்கிறாள். கடையில் அவளுக்குத் துணையாக வரும் டான்ட்ரி, பிறரை மயக்கிக் கெடுப்பதாக இழித்துரைக்கப்படும் மாய இனத்தவள்.

இவ்விருவருக்கும் இடையே மலரும் காதலே நாவலின் உயிர்நாடி. ஒருத்தியைக் காண்போர் வன்முறையை எதிர்பார்க்கின்றனர். மற்றவளைக் காண்போர் வஞ்சகத்தை எதிர்பார்க்கின்றனர். பிறப்பை வைத்துத் தம்மை அளக்காத ஒருவரை இருவரும் ஒருவரிடத்து ஒருவர் கண்டடைகின்றனர். இங்குக் காதல் என்பது அறியப்படுதல் என்னும் பொருளைப் பெறுகிறது. விவ்வின் பழைய தோழன் ஒருவனால் கடை எரிந்து சாம்பலாகும்போது, நற்பேற்றைத் தரும் என அவள் நம்பிய மந்திரக் கல்லும் பறிபோகிறது. எனினும் உடன் நின்றோர் கடையை மீண்டும் எழுப்புகின்றனர். கல்லை இழந்த பின்னரே தன் பேறு எதுவென விவ் உணர்கிறாள். அவளது உவகை அல்லலைக் கடந்த உவகை என்பது இதனால் விளங்கும்.

தனிமையிலிருந்து இல்லத்திற்கு

சங்கு மந்தண்ணா 2022இல் வெளியிட்ட 'தி வெரி சீக்ரெட் சொசைட்டி ஆஃப் இர்ரெகுலர் விட்சஸ்' நாவலின் தலைவி மீகா மூன், இந்தியாவில் பிறந்து, பெற்றோரை இழந்து, இங்கிலாந்தில் வளர்க்கப்பட்ட சூனியக்காரி. சூனியக்காரிகள் தனித்தே வாழ்தல் வேண்டும் என்பது அவளை வளர்த்த முதியவள் விதித்த நெறி. 'நோவேர் ஹவுஸ்' என்னும் வீட்டில் மூன்று சிறுமியருக்கு மந்திரம் கற்பிக்கச் செல்லும் அவள், அங்குள்ள நூலகர் ஜேமியின் ஐயத்தையும் பின்னர் அன்பையும் பெறுகிறாள். எங்கும் வேர்விடாது வாழப் பழகிய ஒருத்தி, தான் விரும்பப்படுவதை நம்பக் கற்றுக்கொள்வதே இந்நாவலின் உண்மையான போராட்டம். புலம்பெயர்ந்தோர் வழிவந்த நமக்கு அப்போராட்டம் அயலானதன்று.

சேரா பெத் டர்ஸ்ட் எழுதிய 'தி ஸ்பெல்ஷாப்' (2024) நாவலிலோ, தலைநகரில் புரட்சி மூண்டு நூலகம் தீப்பற்றும்போது, நூலகர் கியேலா மந்திர நூல்களுடன் தான் பிறந்த தீவுக்குத் தப்பிச் செல்கிறாள். அங்குப் பழப்பாகு விற்கும் கடையொன்றை நடத்துகிறாள். அண்டை வீட்டு லாரனின் அன்பைப் பெறுகிறாள். மேல்தட்டினர் மட்டுமே மந்திரத்தைப் பயன்படுத்தலாம் என்னும் சட்டத்தால் நலிந்த தீவு, பதுக்கப்பட்ட அறிவு பகிரப்படும்போது தளிர்க்கிறது. தொல்காப்பியர் கூறும் 'புலன்' என்னும் நிலைக்களன் இங்கு ஓர் அரசியல் பொருளையும் ஏற்கக் காண்கிறோம். ஆயினும் புரட்சியில் மாண்டோர் கதையின் விளிம்பிலேயே நின்றுவிடுகின்றனர். அல்லல் கடக்கப்படாது மறக்கப்படும் இடங்கள் இவையே. நாவல் வலுவிழப்பதும் இவ்விடங்களிலேதான்.

ஈர்ப்பின் காரணங்கள்

ஜானிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட காதல் நாவல் வாசிப்பு குறித்த ஆய்வில், பிறரைப் பேணுவதிலேயே நாளைக் கழிக்கும் பெண்கள் தமக்கெனச் சற்று நேரத்தை ஒதுக்கிக்கொள்ளும் செயலாகவே வாசிப்பை மேற்கொண்டனர் என்பதனைக் காட்டினார். இன்றைய வாசகரின் களைப்பு இல்லத்தோடு அமைவதன்று, அலுவலகத்திற்கும் உரியது. இந்நாவல்களில் தலைவியர் வேலையைத் துறப்பதில்லை என்பது கருதத்தக்கது. அவர்கள் கடை நடத்துகின்றனர், கற்பிக்கின்றனர், பாகு காய்ச்சுகின்றனர். உழைப்பின் பயன் உழைப்பவரின் கண்முன்னே, அதனை நுகர்வோரின் முகமலர்ச்சியாக வெளிப்படுகிறது. வாசகர் ஏங்குவது ஓய்வுக்காக மட்டுமன்று, பொருளுள்ள உழைப்புக்காகவும்தான். நோய்த்தொற்றினால் மக்கள் வீடுகளில் அடைபட்ட காலத்தை அடுத்து, பலர் கூடி அமரும் கடையும் பொதுமேசையும் வாசகருக்கு அருமையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

காணப்படாத கைகள்

எனினும், மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் வாசகராகிய நாம் ஒரு வினாவை எழுப்பாதிருத்தல் இயலாது. விவ்வின் கடைக்குக் காப்பிக் கொட்டை தொலைவிலிருந்து மூட்டைகளாக வந்து சேர்கிறது. அதனைப் பயிரிட்டோர் யார், பறித்தோர் யார் என்று நாவல் கேட்பதில்லை. ரப்பர் பரவுவதற்கு முன்னர், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மலாயாவின் காப்பித் தோட்டங்களில் உழைத்தவர்களுள் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழர் இருந்தனர். அவ்வரலாற்றை அறிந்தவருக்கு ஒரு கோப்பைக் காப்பியின் இதம் அத்துணை எளிதாக முழுமை பெறுவதில்லை. கடைக்காரரின் உழைப்பைப் போற்றும் புனைவு, தோட்டத்தொழிலாளியின் உழைப்பைக் கண்ணுக்கு அப்பால் நிறுத்துமாயின், அதன் உவகை பிறருடைய அல்லலின்மீது அமைந்ததாகிவிடும். மாய உலகுக்கு வரலாறு பொருந்தாது என இதனை மறுப்போர் இருக்கலாம். எரிந்த கடையை எழுப்ப ஊரே கூடுவதைக் காட்ட முடிந்த புனைவுக்கு, மூட்டையை அனுப்பிய ஊரையும் காட்ட முடியும் என்பதே நம் விடை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால், இவ்வகைமையின் ஈர்ப்பு துன்பமின்மையில் இல்லை. துன்பத்திற்குப் பின்னும் நம்பத்தக்க உறவும் பொருளுள்ள உழைப்பும் வாய்க்கும் என்னும் உறுதியில் உள்ளது என்பது தெளிவாகிறது. அவ்வுறுதியை ஈட்டித் தரும் நாவல்கள் சிறக்கின்றன. ஈட்டாமலே வழங்குவன இனிப்பாகவே எஞ்சுகின்றன. குடும்பக் காதல் நாவல்களை ஒருசேரப் புறந்தள்ளியதனால், அவற்றைப் படித்த பெண்கள் எதனைத் தேடினர் என்பதனை அறியும் வாய்ப்பைத் தமிழ்த் திறனாய்வு பெரிதும் இழந்தது. அந்நிலை இவ்வகைமைக்கும் நேர்தல் வேண்டா. மாணவர் கையில் இத்தகைய நூலொன்றைக் காணும் ஆசிரியர் இரு வினாக்களைக் கேட்கலாம்: இவ்வுவகைக்கு முன்னர் நீங்கிய அல்லல் யாது? இவ்வுவகைக்காக இன்னும் அல்லற்படுவோர் யாவர்? இவ்விரண்டுக்கும் விடை தேடும் மாணவர், அந்நூலை இன்னும் நெருங்கிப் படிப்பார் என்பது நம் துணிபு.