ஆர்மி பேண்ட் குற்றமா?

எங்கள் தெருவில் வீடு கட்டும் கொத்தனார் ஒருவர், பச்சையும் பழுப்பும் திட்டுத்திட்டாக அச்சடித்த ‘ஆர்மி பேண்ட்’ போட்டுக்கொண்டுதான் தினமும் சாரத்தில் ஏறுகிறார். முழங்காலில் சிமென்ட் காய்ந்து வெளுத்திருக்கிறது. கேட்டால், “அழுக்குத் தெரியாதுங்க, சீக்கிரம் கிழியாது” என்கிறார்.

சட்டம் அவரைத் தொடாது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 140-ஆம் பிரிவாக இருந்த விதி, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 168-ஆம் பிரிவு. படைவீரர் அல்லாத ஒருவர், தன்னைப் படைவீரர் என்று பிறர் நம்பவேண்டும் என்ற எண்ணத்தோடு படைவீரர் உடையையோ அதைப் போன்றதையோ அணிந்தால்தான் குற்றம். அந்த ‘எண்ணம்’தான் இந்த விதியின் உயிர். நாடக நடிகரையும், மாறுவேடப் போட்டிக்குப் போகும் குழந்தையையும், கொத்தனாரையும் காப்பது அதுவே. பணம் பறித்தான் என்று நிரூபிக்கத் தேவையில்லை என்பதும் பெரிய பலம். பட்டாளத்தில் வேலை வாங்கித் தருகிறேன் என்று சீருடையில் மிடுக்காக வந்து நிற்பவனை, ஊர்ப் பையன்கள் பணத்தை நீட்டும் முன்பே பிடித்துவிடலாம்.

தண்டனைதான் சப்பென்று இருக்கிறது. அதிகபட்சம் மூன்று மாதச் சிறை. 500 ரூபாயாக இருந்த அபராத வரம்பு 2000 ஆனதோடு சரி. தடைசெய்யப்பட்ட இடத்துக்குள் நுழையச் சீருடையைப் பயன்படுத்தினால், 1923-இன் அலுவல் ரகசியச் சட்டப்படி மூன்றாண்டு வரை போகும்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. அணிபவனைப் பிடிக்கும் இந்தப் பிரிவு, விற்பவனைப் பற்றி வாயே திறக்கவில்லை. 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்தைத் தாக்கியவர்கள் ராணுவ உடையில்தான் வந்தார்கள். அதன்பிறகு, இத்தகைய துணிகளை விற்காதீர்கள், அணியாதீர்கள் என்று ராணுவம் மக்களைக் கேட்டுக்கொண்டது. அது வேண்டுகோள்தான், கடைக்காரர் கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம். 2022-இல் வந்த புதிய போர்ச்சீருடையின் வடிவமைப்பை ராணுவம் தன் பெயரில் பதிவு செய்தது நல்ல அடி. நகலெடுத்து விற்பவர்மீது இனி வழக்குத் தொடுக்கலாம்.

அதற்காக, பச்சைத் துணி முழுவதையும் தடை செய் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அப்படித் தடை வந்தால் முதலில் சாரத்திலிருந்து இறக்கப்படுபவர் அந்தக் கொத்தனார்தான். தோள் நட்சத்திரம், படைப்பிரிவுச் சின்னம், பெயர்ப்பட்டை இவற்றை அடையாள அட்டை பார்க்காமல் விற்கக்கூடாது, தைத்துத் தரக்கூடாது என்று சட்டம் சொல்லட்டும். ஆள்மாறாட்டக்காரன் தேடிப்போவது அந்த நட்சத்திரங்களைத்தான்.