கறுப்பு ஒரு குற்றமா?

முகத்தில் வெள்ளைப் பூச்சு. உதட்டில் கறுப்புச் சாயம். கண்ணைச் சுற்றி அப்பிய மை. தலை முதல் கால் வரை கறுப்பு உடுப்பு. கழுத்தில் தொங்குவது சிலுவையா, வௌவாலா என்று உற்றுப் பார்த்தால்தான் தெரியும். லண்டன் ரயிலில் இப்படி ஒருவர் உங்கள் எதிர் சீட்டில் வந்து உட்கார்ந்தால் என்ன நினைப்பீர்கள்?

சாத்தானைக் கும்பிடுகிற கோஷ்டி. போதை கேஸ். என்றைக்காவது தூக்கில் தொங்கப் போகிற ஆள். மூன்றில் ஒன்று நிச்சயம், இல்லையா?

சங்கடப்படாதீர்கள். அந்த ஊர்க்காரர்களிலேயே பல பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

கோத் என்று பெயர் இவர்களுக்கு. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வசவு இருக்கிறது. கி.பி. 410-ல் ரோம் நகரைச் சூறையாடிய ஜெர்மானியக் கூட்டம், கோத்துகள். பதினாறாம் நூற்றாண்டில் வசாரி என்கிற இத்தாலிக்காரர், தனக்குப் பிடிக்காத பழைய பாணிக் கட்டடங்களையெல்லாம் அந்தக் கோத்துகளின் காட்டுமிராண்டி வேலை என்று திட்டித் தீர்த்தார். இன்றைக்கு ஐரோப்பா போகிறவர்கள் அண்ணாந்து பார்த்து போட்டோ எடுத்துக்கொள்வது அந்தப் பாணித் தேவாலயங்களைத்தான்! 1764-ல் ஹொரேஸ் வால்போல் ஒரு கோட்டையை வைத்துப் பேய்க்கதை எழுதினார். அடுத்த வருடம் வந்த மறுபதிப்பில் 'ஒரு கோதிக் கதை' என்று தானே போட்டுக்கொண்டார். வசவு, பட்டமாகிவிட்டது.

நம்முடைய கறுப்புச் சட்டை கோத்துகள் வந்தது அதற்கெல்லாம் ரொம்பப் பின்னால். இசையிலிருந்து வந்தார்கள். 1979-ல் பௌஹவுஸ் என்ற இங்கிலாந்துக் குழு, டிராகுலாவாக நடித்த பேலா லுகோசியைப் பற்றி ஒன்பது நிமிஷத்துக்கும் மேல் ஓடுகிற ஒரு பாட்டு போட்டது. 1982-ல் லண்டன் சோஹோவில் பேட்கேவ் கிளப் திறந்தது. பங்க் இசைக்காரர்கள் கத்தித் தீர்த்த கோபத்தை இவர்கள் மெதுவாக, இருட்டாக, சோகமாகப் பாடினார்கள். ஆரம்பம் அவ்வளவுதான்.

'அப்படியானால் இவர்களுடைய கொள்கை என்ன?' என்று கேட்பீர்கள். பால் ஹோட்கின்சன் என்கிற சமூகவியலாளர் 2002-ல் இவர்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அவரும் ஒரு கோத்தான். பொதுக் கொள்கை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, இசையும் தோற்றமும் நட்பும்தான் இவர்களைச் சேர்த்து வைக்கிறது என்கிறார். துணி தைத்து விற்பது, பாட்டு வெளியிடுவது, கிளப் நடத்துவது எல்லாம் பெரும்பாலும் கோத்துகளே கோத்துகளுக்காகச் செய்கிறார்கள். பி.காம். படித்தவன் என்பதால் எனக்குப் பிடித்தது அந்த வியாபாரப் பகுதிதான். சாத்தானைத் தேடிப் போனால் சில்லறைக் கடை கணக்கு கிடைக்கிறது!

சரி, நெருப்பில்லாமல் புகையுமா?

1999 ஏப்ரல் 20. அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் இரண்டு மாணவர்கள் 13 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். நீளக் கறுப்புக் கோட்டு என்று கேள்விப்பட்டதுதான் தாமதம், 'கோத்' என்று மீடியா தீர்ப்பு எழுதிவிட்டது. பத்திரிகையாளர் டேவ் கல்லன் பத்து வருடம் துருவி எழுதிய புத்தகம் 2009-ல் வந்தது. அவர்கள் கோத்துகளே இல்லை. யாருக்கு ஞாபகம் இருக்கிறது? தீர்ப்பு முதல் பக்கத்தில் வரும். திருத்தம் வருவதற்குள் பேப்பர் எடைக்குப் போயிருக்கும்.

இன்னொன்று, அலட்சியப்படுத்தக்கூடாதது. 2015-ல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வின்படி, 15 வயதில் தன்னை அழுத்தமாக கோத் என்று சொல்லிக்கொண்டவர்கள் 18 வயதில் மன அழுத்தத்தில் இருக்கும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு. ஆனால், கோத் ஆனதுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. பெரும்பாலானவர்களுக்கு மன அழுத்தமே வரவில்லை. ஏற்கெனவே வாடியிருக்கிற பிள்ளை, தன்னை ஏற்றுக்கொள்கிற இடத்தைத் தேடி இங்கே வந்து சேர்ந்திருக்கலாம். அந்தப் பிள்ளையின் கறுப்புச் சட்டையைப் பிடுங்கி எறிந்தால் சோகம் போய்விடுமா? உட்கார வைத்துப் பேசினால் ஒருவேளை போகும்.

சோஃபி லங்காஸ்டருக்கு 20 வயது. 2007 ஆகஸ்ட் 11, இங்கிலாந்தில் பேகப் என்கிற சின்ன ஊர். நள்ளிரவு தாண்டி, காதலரோடு பூங்காவில் இருந்தாள். இரண்டு பேருமே கோத் உடுப்பில். பதின்வயதுப் பையன்கள் சிலர் முதலில் காதலரை அடித்தார்கள். அவர் தலையைத் தன் மடியில் வைத்துக் காப்பாற்றப் பார்த்தாள் சோஃபி. அவளையும் மிதித்தார்கள். அவர் பிழைத்தார். சோஃபி 13 நாள் கழித்து இறந்துபோனாள்.

பணத் தகராறு இல்லை. முன்பகை இல்லை. உடுப்புதான். இரண்டு பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்த நீதிபதி, இது வெறுப்புக் குற்றம் என்றே சொன்னார்.

இத்தனை வருடமாக 'இவர்கள் ஆபத்தானவர்கள்' என்று எல்லோரும் யாரைக் காட்டிப் பயந்தார்களோ, அவர்கள்தான் கீழே கிடந்தார்கள்.

சோஃபியின் அம்மா சில்வியா ஓய்ந்து உட்காரவில்லை. மகள் பெயரில் ஒரு அறக்கட்டளை தொடங்கி, 2022-ல் தான் இறக்கும்வரை பிள்ளைகளிடமும் போலீஸாரிடமும் பேசிக்கொண்டே இருந்தார். 2013-ல் கிரேட்டர் மான்செஸ்டர் போலீஸ், கோத், பங்க் போன்றவர்கள்மேல் நடக்கும் தாக்குதலையும் இனி வெறுப்புக் குற்றமாகவே பதிவு செய்வோம் என்று அறிவித்தது. பிரிட்டனில் அப்படிச் செய்த முதல் போலீஸ் அதுதான்.

கறுப்பு உடுத்துவது குற்றமில்லை, உடுத்தியவரை அடிப்பதுதான் குற்றம். இந்தச் சின்ன விஷயம் ஒரு போலீஸ் பதிவேட்டில் ஏறுவதற்கு ஆறு வருடமும் ஒரு பெண்ணின் உயிரும் தேவைப்பட்டிருக்கிறது.