முந்திரி ஒவ்வாமை: மூன்று புரதங்களும் ஒரு தீர்ப்பும்

அரியலூர் மாவட்டத்தில் ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்கொல்லைகள் பரந்து கிடக்கின்றன. அங்கே கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைப் பாருங்கள். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைத்தாலும் நுனித்தோல் கறுத்து, உரிந்து, வெடித்திருக்கும். “எனக்கு முந்திரி ஒத்துக்காது” என்று அவர்களும் சொல்கிறார்கள். பெரம்பலூரில் கல்யாணப் பாயசம் குடித்த கொஞ்ச நேரத்தில் உதடு தடித்து மூச்சு வாங்கும் பிள்ளையின் தாயும் அதையேதான் சொல்கிறார். சொல் ஒன்று, நோய் இரண்டு.

விரலைப் புண்ணாக்குவது ஓட்டிலுள்ள எண்ணெய். அதிலிருக்கும் அனகார்டிக் அமிலமும் கார்டோலும் புரதங்களே அல்ல. பட்ட இடத்தை அவை அரிக்கும். சிலருக்கு ஓரிரு நாள் கழித்துக் கொப்புளமும் கிளம்பும். பாயசம் குடித்த பிள்ளைக்கு நேர்வது வேறு. பருப்பிலுள்ள புரதத்தை ரத்தத்திலிருக்கும் ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருள் பகையாக அடையாளம் கண்டு, சில நிமிடங்களிலேயே உடம்பைக் கிளப்பிவிடுகிறது. எந்தப் புரதம் என்பதுதான் இங்கே விசாரணை.

புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கென்னத் ரூ, ஸ்ரீதர் சாத்தே, கலிபோர்னியாவின் சூசன் டியூபர் ஆகியோரின் குழு 2002 முதல் 2005 வரை மூன்று புரதங்களை வரிசையாகப் பிடித்தது. முந்திரியின் தாவரவியல் பெயரான அனகார்டியம் ஆக்சிடென்டேல் என்பதைச் சுருக்கி, அவற்றுக்கு அனா ஓ 1, அனா ஓ 2, அனா ஓ 3 என்று பெயர். மூன்றுமே விதை தன் முளைக்காகச் சேர்த்து வைக்கும் சேமிப்புப் புரதங்கள். பருப்பின் மரபுச் செய்தியை பாக்டீரியாவுக்குள் செலுத்திப் புரதத்தைத் தனியாக விளைவித்து, நோயாளிகளின் ரத்தச் சீரம் அதோடு ஒட்டுகிறதா என்று பார்த்தார்கள். முதல் புரதத்தோடு 20 பேரில் 10 பேரின் சீரம் ஒட்டியது. இரண்டாவதோடு 21 பேரில் 13 பேர். மூன்றாவதோடு 26 பேரில் 21 பேர்.

இந்த எண்களை அப்படியே ஏற்றுவிட முடியாது. ஒட்டுவது ஒரு சாட்சி மட்டுமே. அதுவே குற்றம் ஆகாது. வேறு மரக்கொட்டைகள் ஒவ்வாத, ஆனால் முந்திரியைத் தொந்தரவின்றிச் சாப்பிடும் 8 பேரின் சீரத்தையும் அதே குழு சோதித்தது. அதில் 2 பேருடையது முதல் புரதத்தோடு ஒட்டியது. குழு அதை மறைக்காமல் எழுதியது; அந்த நேர்மையை மதிக்கிறேன். நம் பக்கத்திலும் இதே இடைவெளி தெரிகிறது. கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடந்த யூரோப்ரிவால் என்னும் உணவு ஒவ்வாமை ஆய்வு 2016இல் வெளியானது. ஏதாவதொரு உணவுக்கு ஐஜிஇ இருந்தவர்கள் 26.5 சதவீதம், உணவு ஒவ்வாமை இருக்கக்கூடியவர்கள் 1.2 சதவீதம். ரத்தப் பரிசோதனைத் தாளை மட்டும் பார்த்து, தின்று பழகிய பண்டத்தைப் பிள்ளையின் வாயிலிருந்து பிடுங்குவது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

புளோரிடா குழுவின் முறையிலும் ஒரு குறை உண்டு. எந்தத் துண்டில் ஐஜிஇ ஒட்டுகிறது என்று அறியப் புரதத்தைச் சிறு சிறு துணுக்குகளாகச் செய்து சோதித்தார்கள். புரதம் மடிந்து உருவம் கொண்டபோது மட்டும் தோன்றும் ஒட்டுமிடங்கள் அந்த வலையில் சிக்காது. அனா ஓ 2இல் அப்படிப்பட்ட இடங்கள் உண்டு என்று பிற்காலத்தில் தெரிந்தது.

ஆனால் மூன்றாவது புரதத்தின் மீதான வழக்கு வலுவானது. அனா ஓ 3 சின்னது. கந்தகப் பிணைப்புகளால் இறுகக் கட்டப்பட்டது. அதனால் வயிற்றின் செரிமானத்தைத் தாங்கி நிற்கிறது. நெய்யில் வறுத்தாலும் ஆபத்து போய்விடாது. பிஸ்தாவில் இதன் நெருங்கிய உறவுப் புரதம் இருப்பதால், முந்திரி ஒவ்வாத பலருக்குப் பிஸ்தாவும் ஒவ்வாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஐரோப்பியக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளில், முழு முந்திரிச் சாற்றை வைத்துச் செய்யும் பரிசோதனையைவிட இந்த ஒரு புரதத்துக்கான ஐஜிஇ, யாருக்கு உண்மையில் நோய் வரும் என்பதைச் சரியாகக் காட்டியது. சீரம், அமைப்பு, நோயாளி என்று மூன்று தனித்தனி வழிகள் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

ஆகவே என் தீர்ப்பு இது: அனா ஓ 3 முதன்மைக் குற்றவாளி என்பது நிலைநாட்டப்பட்டுவிட்டது. மற்ற இரண்டும் உடந்தை. எந்த அளவுக்கு என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் ஐரோப்பியக் குழந்தைகளை வைத்து வகுத்த அளவுகோலை அரியலூர்ப் பிள்ளைக்கு அப்படியே பொருத்துவதை நான் ஏற்கமாட்டேன். உண்ணும் முறை, வளரும் சூழல், சிறு வயதிலிருந்தே படும் முந்திரித் தூசி எல்லாமே இங்கே வேறு. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி இந்தக் கொல்லைகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நம் மக்களின் சீரத்தைச் சேகரித்து, மருத்துவர் மேற்பார்வையில் முந்திரி கொடுத்துப் பார்க்கும் சோதனையோடு ஒப்பிடும் வேலையை அது கையில் எடுக்க வேண்டும். அதுவரை, முந்திரி சாப்பிட்ட பிள்ளைக்கு உதடு தடித்து மூச்சுத் திணறினால் கைமருந்து தேடாதீர்கள். அட்ரினலின் ஊசி போடக்கூடிய மருத்துவமனைக்கு உடனே ஓடுங்கள்.