காலி பண்ணச் சொன்னபிறகு

பாலு மகேந்திராவின் 'வீடு' (1988), செழியனின் 'டூ லெட்' இரண்டையும் ஒரே வாரத்தில் அடுத்தடுத்துப் பார்ப்பது நல்லது. இரண்டும் சென்னைக் கதைகள். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது இரண்டுக்குமே கிடைத்தது. இரண்டிலும் பிரச்சினை ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது: ஹவுஸ் ஓனர் காலி பண்ணச் சொல்கிறார். 'வீடு' படத்தின் சுதா அதற்குப் பிறகு ஒரு வீட்டைக் கட்ட ஆரம்பிக்கிறாள். 'டூ லெட்' படத்தின் இளங்கோ இன்னொரு வாடகை வீட்டைத் தேட ஆரம்பிக்கிறான். இந்த ஒரு வித்தியாசத்துக்குள் இந்த ஊரின் இருபது வருஷம் இருக்கிறது.

சுதா சாதாரண ஆபீஸ் வேலை பார்ப்பவள். தாத்தாவும் தங்கையும் அவள் பொறுப்பு. வளசரவாக்கத்தில் இரண்டு மனை இருக்கிறது. ஒன்றை விற்று, கடன் வாங்கி, இன்னொன்றில் கட்டலாம் என்பது கணக்கு. அந்தக் கணக்கு எப்படிச் சிதைகிறது என்பதுதான் படம். அவளைச் சிதைப்பவர்கள் எல்லோருக்கும் முகம் உண்டு. பிளான் அப்ரூவலுக்குக் கை நீட்டுபவர் தெரிகிறார். சிமெண்டை விற்கும் கான்ட்ராக்டர் தெரிகிறார். அவரை எதிர்த்துக் கேட்கும் சித்தாள் மங்கம்மாவும் தெரிகிறாள். யாரைத் திட்டுவது என்ற குழப்பம் பார்வையாளருக்கு வருவதில்லை. பாதி எழும்பிய வீட்டைப் பார்க்கத் தாத்தா கிளம்பி வரும் காட்சியில், சொக்கலிங்க பாகவதர் அந்தச் சுவரைத் தொடும் விதத்தை விளக்கி எழுதினால் கெட்டுப்போகும். சுவர் நம்முடையது என்றால் அதைத் தொடுவதற்கே வேறு ஒரு கை வேண்டும்போல.

'டூ லெட்' நடப்பது 2007-ல். ஐடி வளர்ச்சியால் வாடகை எகிறிய காலம் என்று படமே சொல்லிவிடுகிறது. இளங்கோ சினிமாவில் வாய்ப்பு தேடுபவன். மனைவி அமுதா, சின்னப் பையன் ஒருவன். 'வீடு' படத்தில் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசை சேர்ந்து வந்து நம்மைத் தாங்கும். இங்கே பின்னணி இசையே கிடையாது. ஃபேன் சத்தம், தெருச் சத்தம், பாத்திரச் சத்தம் மட்டும்தான். அந்த வீட்டின் அளவு நமக்குக் காதால் தெரிகிறது. செழியன் அடிப்படையில் ஒளிப்பதிவாளர். என்றாலும் இந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது காதுதான்.

வீடு தேடும் காட்சிகளில் கேள்விகள் வரிசையாக வருகின்றன. என்ன ஆளுங்க, கவுச்சி சாப்பிடுவீங்களா, எங்க வேலை. சினிமா என்றதும் கதவு சாத்தப்படுகிறது. இந்த மூன்றாவது கேள்விக்கு என்னிடம் எப்போதும் சரியான பதில் இருந்திருக்கிறது. "ஐடியா தம்பி?" என்று கேட்டுவிட்டுச் சாவியை எடுக்க உள்ளே போவார்கள். அதனால் இந்தப் படத்தை என்னால் இளங்கோவின் பக்கம் உட்கார்ந்து மட்டும் பார்க்க முடியவில்லை. அந்த வீட்டுக்கு அவனுக்கு அடுத்து வரப்போகிறவன் நான்.

படத்தின் மேல் எனக்கு இருக்கும் புகாரும் இங்கிருந்துதான் வருகிறது. 'டூ லெட்' விலையைப் பற்றிய படம். ஆனால் விலைக்கு முகம் கிடையாது. படத்துக்கு ஒரு முகம் தேவைப்படுகிறது, உடனே ஹவுஸ் ஓனர் அம்மாவைப் பிடித்துக்கொள்கிறது. அந்த அம்மாவுக்கு அதட்டலைத் தாண்டி அநேகமாக வேறு குணமே தரப்படவில்லை. லஞ்சம் கேட்பவரைக் கெட்டவர் என்று சொல்லிவிடலாம். பக்கத்து வீட்டில் தரும் வாடகையைத் தானும் கேட்பவரை அப்படிச் சொல்லி முடித்துவிட முடியுமா? 2000-ல் தரமணியில் டைடல் பார்க் வந்த பிறகு அந்தப் பக்கம் நடந்தது எளிய கூட்டல் கணக்கு. நாலு பேச்சலர்கள் பங்கு போட்டுத் தரும் வாடகையை, ஒரே சம்பளத்தில் ஓடும் குடும்பத்தால் தர முடியாது. அந்த நாலு பேரில் யாரும் வில்லன் இல்லை. ஊரிலிருந்து டிரங்குப் பெட்டிக்குப் பதில் லேப்டாப் பையோடு வந்தவர்கள், அவ்வளவுதான்.

அவர்களே முப்பது வயதில் வீட்டுக்கடன் வாங்குகிறார்கள். வட்டிக்கு வருமான வரிக் கழிவு உண்டு என்று ஆபீஸ் கேண்டீனில் யாராவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். சென்னையில் ஒரு பிளாட்டின் வாடகை வருஷத்துக்கு அதன் விலையில் இரண்டு மூன்று சதவீதம் தேறினால் பெரிது. கடன் வட்டியோ அதைவிட மிக அதிகம். ஆக, வாடகை என்பது இ.எம்.ஐ.யின் வாயில் போடும் அரைக் கவளம். விலை ஏறும் என்ற நம்பிக்கையில்தான் வீடு நிற்கிறது. குடியிருப்பவர் அதுவரைக்கும் வீட்டை அழுக்காக்காமல் இருந்தால் போதும். ஆணி அடிக்கக்கூடாது என்பதும், பையன் சுவரில் கிறுக்கக்கூடாது என்பதும், ஊரிலிருந்து அம்மா வந்து பத்து நாள் தங்கினால் மோட்டார் கணக்கு பேசப்படுவதும் இந்த வட்டிக் கணக்கிலிருந்து பிறந்த ஒழுக்க விதிகள். காலண்டர் மாட்ட ஓனரிடம் அனுமதி கேட்டு வளரும் குழந்தைக்குச் சொந்தமாக ஒரு மூலை என்றால் என்ன அர்த்தம் வரும்? 'டூ லெட்' இதை நன்றாகவே பார்த்திருக்கிறது. எங்கிருந்து வருகிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

சட்டம் என்ன செய்தது என்றால், 1960-ன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்றது. ஊர் பத்து மாதம் வாங்கியது. 'டூ லெட்' தியேட்டருக்கு வந்தது 2019 பிப்ரவரி 21. மறுநாள், 22-ம் தேதி, தமிழ்நாட்டில் புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மூன்று மாத வாடகைதான் உச்சவரம்பு, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டிருந்தாலொழிய. அந்த 'ஒழிய'வில் இளங்கோவின் குடும்பம் மொத்தமும் நிற்கிறது. வீடு கிடைக்க வேண்டும் என்றால் எதற்குத்தான் ஒத்துக்கொள்ள மாட்டான்?

இந்த இரண்டு படங்களுக்கும் அடுத்த படம் இன்னும் எடுக்கப்படவில்லை என்றுதான் நினைக்கிறேன். அதன் கதாநாயகனை என் டீமிலேயே காட்ட முடியும். சிறுசேரிப் பக்கம் சொந்த பிளாட், அதில் வாடகைக்கு யாரோ. இவர் இருப்பது பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்காக வேளச்சேரியில், வாடகை வீட்டில். பதினொரு மாதத்துக்கு ஒருமுறை ஒரு அக்ரிமெண்டில் மேலே கையெழுத்துப் போடுகிறார், இன்னொன்றில் கீழே. இவருடைய ஓனர் வாடகையை ஏற்றினால், அந்த வாரமே இவர் சிறுசேரிக்கு போன் பண்ணுகிறார்.