ஜூ டவுன் யூதரும் அவரைச் சுட்டும் சொற்களும்

ஓர் இனத்தாரைப் பற்றி மக்கள் தொடர்புச் சாதனங்கள் படைக்கும் வார்ப்புப் படிமங்களை ஆராய்வோர் பெரும்பாலும் இழித்துரைகளையே தேடுவர். கொச்சி மட்டாஞ்சேரியின் ஜூ டவுன் இத்தேடலுக்கு எளிதில் அகப்படுவதில்லை. அங்கு வாழ்ந்த யூதரைப் பற்றி எழுதியவை பெரிதும் பரிவுடன் எழுதியவையே. ஆயினும் அப்பரிவு கையாண்ட சொற்கள், காண்போர் கண்முன் வேறொரு கூட்டத்தாரை நிறுத்தியுள்ளன.

செய்தி எழுத்தில் மிகுதியாகப் பயிலும் அடை 'கடைசி' என்பது. கொச்சி யூதருள் பெரும்பாலோர் 1948க்குப் பின்னர், குறிப்பாக 1950களில், இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். அங்கு நெவாதிம் என்னும் குடியிருப்பில் அவர்தம் வழிபாட்டுக்கூடமும் மரபுரிமைக் காட்சியகமும் உள்ளன. எனினும் ஜூ டவுனில் முதியவர் ஒருவர் மறையுந்தோறும் ஓர் இனமே அற்றுப்போவதாகச் செய்தி எழுகிறது. எறணாகுளத்தில் எஞ்சியுள்ள மலபாரி யூதர் இக்கணக்கில் வருவதேயில்லை. குடிபெயர்வு இங்கு அழிவாக மொழிபெயர்க்கப்படுகிறது.

திரைப்படம் இதனினும் ஒருபடி மேற்சென்றது. 2017இல் வெளிவந்த 'எஸ்ரா' என்னும் மலையாளப் படத்தில், பழம்பொருள் கடையிலிருந்து வீட்டுக்கு வரும் பெட்டியொன்றில் 'டிப்புக்' என்னும் ஆவி அடைபட்டிருக்கிறது. டிப்புக் என்பது பற்றிக்கொள்ளுதல் என்னும் பொருளுடைய எபிரேய வேரினின்று வந்த சொல். அது கிழக்கு ஐரோப்பிய யூதரின் நாட்டார் நம்பிக்கையில் வேரூன்றியது. 1920இல் வார்சாவில் இத்திஷ் மொழியில் அரங்கேறிய அன்ஸ்கியின் நாடகத்தால் உலகறிந்தது. 'டிப்புக் பெட்டி'யோ அத்தொன்மையும் உடையதன்று. 2003இல் அமெரிக்காவில் இணைய ஏலத்துக்கு வந்த ஒரு பெட்டியோடு தொடங்கிய கதை அது. அக்கதையைத் தாமே புனைந்ததாக அதனை விற்றவர் 2021இல் ஒப்புக்கொண்டார். போலந்தின் சொல்லும் அமெரிக்க விற்பனைக் கதையும் இவ்வாறு மலையாளம் பேசிய யூதர்மேல் ஏற்றப்பட்டன. படம் தன் வகையில் திறமாகவே எடுக்கப்பட்டது என்பதையும் கூறவேண்டும். அத்திறமே ஏற்றத்தை இயல்பாகக் காட்டுகிறது. இப்படம் 2021இல் இந்தியில் 'டிப்புக்' என மறுபடைப்பானபோது கதைக்களம் மொரீசியசுக்கு மாறியது. கதைக்கு இடையூறு எதுவும் நேரவில்லை. கொச்சியும் அதன் யூதரும் மூலப்படத்திலேயே திரைச்சீலையாகத்தான் இருந்தனர் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

கொச்சி யூதர் உண்மையில் விட்டுச்சென்றது வேறொன்று. அவர்தம் பெண்கள் மலையாளத்தில் பாடி, குறிப்பேடுகளில் எழுதிவைத்துத் தலைமுறை தலைமுறையாகக் காத்த பாடல்கள் அவை. ஸ்கறியா ஸக்கரியாவும் ஒஃபிரா காம்லியேலும் அவற்றுள் ஒரு தொகுதியை 'கார்குழலி' என்னும் பெயரில் எபிரேய மொழிபெயர்ப்புடன் 2005இல் ஜெருசலேமில் வெளியிட்டனர். திருமணமும் விவிலியக் கதையும் இயங்கும் இப்பாடல்களைக் கேட்டவர்க்கு யூதர் மலையாளத்தின் ஒரு கிளைமொழியினர். படத்தை மட்டும் கண்டவர்க்கு அவர் பூட்டிய பெட்டி.

தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்கு உரிய சிக்கல் 'பரதேசி' என்னும் சொல்லில் எழுகிறது. 1568இல் கட்டப்பட்ட வழிபாட்டுக்கூடத்தின் பெயரில் இச்சொல் 'அயல்நாட்டிலிருந்து வந்தவர்' என்னும் பொருளில் நிற்கிறது. தமிழிலோ அது இரந்துண்டு திரிபவன் எனத் தேய்ந்து, வசவாகவும் வழங்குகிறது. இவ்விடர்ப்பாட்டுக்கு அஞ்சி ஆங்கில வழிகாட்டி நூல்களின் தொடரைப் பின்பற்றி 'வெள்ளை யூதர்' என எழுதுவோர் உளர். அது சிறு இடரிலிருந்து பேரிடருக்குச் செல்வதாகும். வெள்ளை, கருப்பு என்னும் இணை தோல் நிறத்தைச் சுட்டுவதுபோல் தோன்றினும், அது சுட்டியது குலவழி உரிமைக் கோரிக்கையையே. நெடுங்காலம் முன்பே குடியேறிய மலபாரி யூதர் இதில் 'கருப்பு' ஆயினர். ஏறத்தாழ கி.பி. 1000இல் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு ரப்பானுக்கு வட்டெழுத்தில் பொறித்தளித்த செப்பேடு அஞ்சுவண்ணத்தையும் 72 உரிமைகளையும் பேசுகிறது, நிறத்தைப் பேசவில்லை.

இரு நிறங்களுக்குள் அடங்காத மூன்றாவது பிரிவினரும் இருந்தனர். 'மெஷுக்ரரிம்', அதாவது விடுதலை பெற்ற அடிமைகளின் வழியினர், பரதேசிக் கூடத்திலேயே வழிபட்டும் சம உரிமை பெறாதிருந்தனர். தோரா வாசிக்க அழைக்கப்படும் உரிமையும் அவர்க்கு மறுக்கப்பட்டது. அவ்வழியில் வந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம் (1882-1967) அதனை எதிர்த்துக் கூடத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். (இவருக்கும் 'யூத காந்தி' என்னும் ஆயத்த அடையே கிடைத்தது.) 'வெள்ளை யூதரின் கோயில்' என எழுதும் தமிழ்த்தொடரில் இப்போராட்டத்துக்கு இடமில்லை. 'பரதேசி' என்பதை அப்படியே நிறுத்தி, முதல் வருகையில் 'அயல்வந்தோர்' எனப் பொருள் தந்து, மெஷுக்ரரிமை 'விடுவிக்கப்பட்டோர்' எனத் தனியே சுட்டினால் இடமுண்டு. 'ஜூ டவுன்' என்னும் ஒலிபெயர்ப்பும் மறுபரிசீலனைக்குரியது. தமிழெழுத்தில் அது விலங்குக் காட்சிசாலையையும் நினைவூட்டுகிறது. மலையாளிகள் வழங்கும் 'ஜூதத்தெரு'வை ஒட்டி 'யூதத்தெரு' எனலாம்.