செல்லோக்கள் காத்திருக்கும் நேரம்

நியூயார்க் லிங்கன் சென்டரில் கிறிஸ்துமஸ் காலத்தில் நடக்கும் ‘நட்கிராக்கர்’ பாலேவுக்குப் போகிறவர்கள் திரை விலகுவதற்கு முன்பே இசைக்குழுவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட வேண்டும். முன்னிசை தொடங்கியிருக்கும், செல்லோ, டபுள் பாஸ் வாசிப்பவர்கள் மட்டும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பகுதியில் அவர்களுக்கு சாய்கோவ்ஸ்கி ஒரு சுரம்கூட எழுதவில்லை. கனத்த ஒலி எதுவும் இல்லாததால் இசை தரையில் கால் பாவாமல் ஓடுகிறது. சிறுமி ஒருத்தியின் கதைக்குள் நுழைய இதைவிடப் பொருத்தமான வாசல் இருக்க முடியாது.

கையில் இருப்பதை உடனே கொடுத்துவிடாத இந்தப் பொறுமைதான் 1892-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மேடையேறிய இந்தப் படைப்பின் உயிர். பாரிஸில் கண்ட செலஸ்டா என்ற புது வாத்தியத்தை, மற்ற ரஷ்ய இசையமைப்பாளர்கள் முந்திக்கொள்வார்களோ என்று பயந்து ரகசியமாகத் தருவித்தார் சாய்கோவ்ஸ்கி. அத்தனை ஆசைப்பட்டும் இரண்டாம் அங்கம் வரை அதை வெளியே எடுக்கவில்லை!

லிங்கன் சென்டரில் ஆடப்படுவது ஜார்ஜ் பாலன்சின் 1954-இல் அமைத்த வடிவம். அதில் 12 அடி கிறிஸ்துமஸ் மரம் நம் கண்ணெதிரே 41 அடியாக வளர்கிறது. இசை ஏறுகிறது, தயங்குகிறது, விட்ட இடத்திலிருந்து இன்னும் மேலே ஏறுகிறது. அந்தத் தயக்கங்கள் இல்லாவிட்டால் மரம் இவ்வளவு உயரமாகத் தெரியாது.

ஆனால் என் மனம் பறிபோவது பின்னர் வரும் பனிச்செதில் வால்ட்ஸில்தான். வெள்ளை உடையில் 16 பெண்கள். மேலிருந்து கொட்டும் காகிதப் பனி. இதற்கு மேல்மாடி இருக்கையே சிறந்தது. வட்டம் கலைந்து கோடாவதும் கோடு உடைந்து சுழலாவதும் அங்கிருந்துதான் முழுதாகத் தெரியும். பாலே காலணிகளின் நுனி தரையில் தட்டும் ஓசையும் மெல்லக் கேட்கும். அப்போது, எதிர்பாராமல், குழந்தைகளின் குரல்கள் எழுகின்றன. சொல் ஏதும் இல்லை, வெறும் ஆகாரம். இந்தப் பாலே முழுவதிலும் மனிதக் குரல் ஒலிக்கும் ஒரே இடம் இது. அதனால்தானோ என்னவோ, உடம்பு சிலிர்த்துவிடுகிறது.

இரண்டாம் அங்கத்தில் இனிப்புகளின் நாட்டு நடனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகின்றன. எல்லாம் முடிந்தபின் இருவர் ஆடும் பெரிய நடனம். ஹார்ப்பின் அலைகளுக்கு நடுவே அதன் ராகத்தைத் தொடங்கிவைப்பவை, முன்னிசையில் வாய்மூடியிருந்த அதே செல்லோக்கள். மேல் சட்ஜத்திலிருந்து கீழ்ச் சட்ஜம் வரை நேராக இறங்கும் எட்டுச் சுரங்கள். நம் சங்கராபரணத்தின் அவரோகணம், அவ்வளவுதான். குழந்தைகளின் விழாவுக்குள் இத்தனை துயரம் எங்கிருந்து வந்தது? இந்த இசையில் ஈடுபட்டிருந்த 1891-இல்தான் சாய்கோவ்ஸ்கி தன் தங்கை அலெக்சாண்ட்ராவை இழந்தார். அதை அறிந்தபின் இந்த இறக்கத்தை வேறு விதமாகக் கேட்க என்னால் முடிவதில்லை.

இந்த நடனத்தில் இனிப்புகளின் நாட்டை ஆளும் சுகர்பிளம் தேவதை ஒற்றைக்கால் நுனியில், மறுகாலைப் பின்னே நீட்டி நிற்கிறாள். துணைவன் கையைப் பற்றி நடக்க, அவள் அடியெடுத்து வைக்காமலே மேடையில் வழுக்கிச் செல்கிறாள். பாதத்தின் கீழ் மறைவான பொறி உண்டு. அது தெரிந்தும் வியப்புக் குறைவதில்லை. பொறி பாதத்தைத்தான் நகர்த்தும். அந்த முதுகை அசையாமல் நிறுத்துவது அவளேதான்.