ரிச்சி தெருவில் பழைய கிராபிக்ஸ் கார்டு

சென்னையில் மயிலாப்பூரிலோ அடையாறிலோ இருக்கும் ஒரு கல்லூரி மாணவர் குறைந்த செலவில் கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய நினைத்தால் அவருக்கு இரண்டு வழிகள் உண்டு. திருமயிலையிலோ கஸ்தூரிபா நகரிலோ பறக்கும் ரயில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவுக்கு நடக்கலாம். இல்லையென்றால் ஓஎல்எக்ஸில் தேடி, தி.நகரிலோ பெசன்ட் நகரிலோ விற்பவர் வீட்டுக்கே போகலாம். எங்கே போனாலும் கூட வருபவர் சொல்லும் எச்சரிக்கை ஒன்றுதான்: "மைனிங்ல ஓடுன கார்டா இருக்கப்போகுது, பாத்து வாங்குப்பா." அது பொய்யான பயம் இல்லை. ஆனால் பழைய பாகம் வாங்குகிறவர்களின் பணம் அதிகம் வீணாவது அங்கே இல்லை என்றே நினைக்கிறேன்.

கிராபிக்ஸ் கார்டுகளை வைத்து 'மைனிங்' செய்யப்பட்டுவந்த எத்திரியம் என்ற டிஜிட்டல் நாணயம் 2022 செப்டம்பர் 15 அன்று கிராபிக்ஸ் கார்டே தேவைப்படாத முறைக்கு மாறியது. அதுவரை அதற்காக இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகம் முழுக்கப் பழைய சந்தைக்கு வந்து குவிந்தன. அவற்றில் முதலில் போவது விசிறி. அடுத்து, சூடு கடத்தும் பேஸ்டும் பேடும். மூன்றையும் மாற்ற ஆள் உண்டு, செலவும் தாங்கும். மெமரி சிப் போனால்தான் கஷ்டம். அரை மணி நேரம் ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருளை ஓடவிட்டு வெப்பத்தைக் கவனித்தால் பெரும்பாலான கோளாறு வெளியே வந்துவிடும். போலிகளை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. பழைய ஜி.டி.எஸ். 450 சிப்பின் பயாஸை மாற்றி எழுதி, ஜி.டி.எக்ஸ். 1050 டிஐ என்று காட்டும் கார்டுகள் உண்டு. ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்தால் அது போலி என்றே எழுதிக் காட்டும். ஆர்.எக்ஸ். 580 என்ற பெயரில் வரும் 2048எஸ்பி வகை இன்னும் நுட்பமானது. பெயர் 580, திறன் 570-க்கு உரியது. உண்மையான 580-இல் கணக்கிடும் அலகுகள் 2304.

இவையெல்லாம் சோதித்தால் தெரிந்துவிடும் குறைகள். எந்தச் சோதனையிலும் தெரியாத ஒன்று ஆயுட்காலம். அதை நிர்ணயிப்பது தேய்மானத்தை விட மென்பொருள்தான். 2016-இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1060 இன்றும் பழுதில்லாமல் ஓடும். ஆனால் அந்தத் தலைமுறைக்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. இனி 2028 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டுக்கு ரே டிரேசிங் வன்பொருள் கட்டாயம். ஜி.டி.எக்ஸ். வரிசையில் எந்தக் கார்டும், எவ்வளவு புத்தம்புதியதாகப் பளபளத்தாலும், அங்கே உதவாது. கொஞ்சம் கூடக் கொடுத்து ஆர்.டி.எக்ஸ். 2060 வாங்கியவருக்கு அதைவிட நீண்ட காலம் கிடைக்கும்.

கம்ப்யூட்டரிலும் இதே கதை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெலின் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். அதனால் அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய டெல் ஆப்டிப்ளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க் பெட்டிகள் மலிவாகக் கண்ணில் படுகின்றன. நான்காம் தலைமுறை ஐ5-இல் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றிவிடலாம். கடை மேசையில் அழகாக ஓடவும் ஓடும். வீட்டுக்கு வந்து வேலரன்ட் திறந்தால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லை என்று விளையாட்டு மறுத்துவிடும். இன்னொரு சிக்கல் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஒல்லியான ஆப்டிப்ளெக்ஸில் வரும் எஸ்.எம்.பி.எஸ். (மின்சாரம் தரும் பாகம்) 200 வாட்டை ஒட்டியது, வடிவமும் இணைப்பும் அந்த நிறுவனத்துக்கே உரியவை. சாதாரணக் கடைச் சரக்கு அதில் பொருந்தாது. 75 வாட்டில் ஓடும் உயரம் குறைந்த ஜி.டி.எக்ஸ். 1650 போடலாம். அதற்கு மேல் ஆசைப்பட்டால் மிச்சம் பிடித்த பணம் முழுவதும் மாற்றுவேலைக்கே போய்விடும்.

எஸ்.எம்.பி.எஸ்-ஐ எந்த நிலையிலும் புதிதாகவே வாங்க வேண்டும். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் சத்தமில்லாமல் தளரும். போகும்போது தனியாகப் போகாமல் மதர்போர்டையும் கார்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகலாம். பழைய மதர்போர்டு என்றால் திருகு ஓட்டைகளிலும் யுஎஸ்பி துளைகளிலும் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த ஊர் இது. கடற்காற்றும் சும்மா விடாது.

இவ்வளவு சொன்ன பிறகும், பழைய பாகம் வாங்கும் பழக்கம் நல்லது என்பதே என் தீர்ப்பு. பிராசஸர் அனேகமாகத் தேய்வதே இல்லை. ராமும் அப்படித்தான். 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவு மையங்கள் மெமரியை அள்ளிக்கொண்டதில் புது ராம் விலை ஏறியபோது, பழைய டிடிஆர்4 குச்சிகளின் அருமை தெரிந்தது. ஏ.எம்.4 மதர்போர்டில் இன்று பழைய ரைசன் 5 3600 போட்டவர், பயாஸ் புதுப்பித்து நாளை அதே போர்டில் 5600-க்குப் போகலாம். குப்பைக்குப் போகவேண்டிய பொருள் இன்னும் சில வருடம் உழைக்கிறது. ஒரு பையன் பிராசஸரைத் தன் கையால் பொருத்தி, பேஸ்ட் தடவி, முதல்முறை திரை ஒளிர்வதைப் பார்க்கிறான். அந்த அனுபவத்தைப் புதுப் பெட்டி தராது.

எனக்குக் கோபம் வருவது பில் விஷயத்தில்தான். 'டெஸ்டிங் வாரண்டி' என்றால், கடையில் ஓட்டிக் காட்டியதோடு விற்பவரின் பொறுப்பு முடிந்தது என்று பொருள். சூடேறி மூன்றாம் நாள் திரை கறுத்தால் கேட்க ஆளில்லை. பில் இல்லாமல் நுகர்வோர் ஆணையத்தில் காட்டவும் ஒன்றும் இருக்காது. நூறு கார்டு பார்த்த கடைக்காரர் எளிதில் செய்யக்கூடிய சோதனையை, முதல் கார்டு வாங்க வரும் பையன் தலையில் கட்டுவது நியாயமில்லை. வீட்டில் விற்பவரும் வாரண்டி தரமாட்டார். ஆனால் அவர் தினமும் விளையாடும் நிலையிலேயே மெஷினைப் பார்க்கலாம், பழைய பில்லையும் கேட்டு வாங்கலாம். சில நிறுவனங்கள் வரிசை எண்ணை வைத்தே மிச்ச வாரண்டியைக் கொடுக்கும்; பில் கேட்கும் நிறுவனங்களிடம் அந்தத் தாளுக்கு மதிப்பு உண்டு. கடையில் வாங்கினால், கார்டின் வரிசை எண்ணோடு முப்பது நாள் பொறுப்பை பில்லில் எழுதித் தருவீர்களா என்று கேளுங்கள். எழுதித் தருகிறவர் ஐந்நூறு ரூபாய் கூடச் சொன்னாலும் பேரம் பேசாமல் கொடுத்துவிடலாம்.